விமானப் பிறேக் கீச்சிட்டால்: ஸ்பானர் எடுக்கும் முன் காது கொடுங்கள்

100ஆம் இலக்க பஸ் பிறேக் பிடித்தால் பாதி வெள்ளவத்தைக்குக் கேட்கும். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விமானத்தில் அதே சத்தம் வந்தால் அப்படி விட முடியாது.

நண்பர் ஒருவர் தானே கட்டிய இரண்டு இருக்கை விமானம் இரத்மலானையில் நிற்கிறது. சனிக்கிழமைகளில் அதற்கு ஸ்பானர் பிடிப்பவன் நான். ஒருமுறை இடது பிறேக் கீச்சிடத் தொடங்கியது. லைனிங் (சில்லோடு சுற்றும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உரசு பட்டை) தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, வெளிநாட்டிலிருந்து புதிது எடுப்பித்து, சுங்கத்தில் காசு கட்டி, மாட்டி ஓட்டினால் அதே கீச். கழற்றிய பழையதை அளந்து பார்த்தேன்: இன்னும் 4 மி.மீ. இருந்தது. குற்றவாளி, கறள் பிடித்த ஒரு சின்ன உலோகப் பின் (pin).

நீங்கள் அந்தச் செலவைச் செய்யாமல் இருக்கத்தான் இது. சின்ன விமானங்களில் அதிகம் காணும் கிளீவ்லாண்ட், மாட்கோ வகை எண்ணெய் டிஸ்க் பிறேக்கை வைத்துச் சொல்கிறேன்.

1. சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள்

எஞ்சினை நிறுத்தி, மக்னீட்டோவை (எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது) அணைத்து, திறப்பைச் சட்டைப் பையில் போடுங்கள். ஒருவர் உள்ளே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர்கள் விமானத்தைத் தள்ளட்டும். முதலில் இடது, அப்புறம் வலது. எஞ்சின் ஓடும்போது சில்லுக்குப் பக்கத்தில் குனிந்து கேட்பது வேண்டவே வேண்டாம். புரொபெல்லர் கண்ணுக்குத் தெரியாது.

மெதுவாக மிதிக்கும்போது மட்டும் கீச்சென்றால் லைனிங்கோ, அதைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் கலிப்பரோ அதிர்கிறது. கரகரவென்று இரும்பில் இரும்பு உரசினால், லைனிங் தேய்ந்து ரிவெட் டிஸ்க்கைத் தொடுகிறது என்று சந்தேகியுங்கள், அதற்குமேல் ஓட்டாதீர்கள். சில்லு ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு ஒரு தடவை மட்டும் 'ஸ்ர்ர்' என்றால் டிஸ்க் கோணியிருக்கலாம், அல்லது ஓர் இடத்தில் மட்டும் கறள் இருக்கலாம். பெடலைத் தொடாமலே சத்தம் வருகிறதா? பிறேக் விடாமல் பிடித்திருக்கிறது, அல்லது பெயாரிங் போகிறது. ஓட்டுபவரின் பாதம் தன்னை அறியாமல் பெடலில் ஊன்றியிருப்பதும் உண்டு. சிரிக்க வேண்டாம், நானே செய்திருக்கிறேன்.

இரத்மலானைக்காரருக்கு ஒரு வார்த்தை. கடல் காலி வீதிக்கு அந்தப் பக்கம்தான். ஒரு வாரம் மழையில் நின்ற விமானத்தின் முலாம் பூசாத உருக்கு டிஸ்க் செம்மஞ்சளாகிவிடும். முதல் நாலைந்து பிறேக்குக்கு உரசி, டிஸ்க் பளிச்சென்றானதும் சத்தம் நின்றால், பழுது ஒன்றுமில்லை.

2. கலிப்பரைக் கழற்றுங்கள்

இதற்கு ஜக் தேவையில்லை, சில்லைக் கழற்றவும் வேண்டாம். முன்னும் பின்னும் கட்டை வைத்து, போல்ட் கழலாமல் கட்டியிருக்கும் பாதுகாப்புக் கம்பியை வெட்டி, வெளிப்பக்க லைனிங்கைத் தாங்கும் பின்தட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பின்தட்டு கையோடு வரும். கலிப்பரை உள்பக்கமாக இழுத்தால் இரண்டு பின்களோடு வழுக்கிக்கொண்டு வரவேண்டும்.

வழுக்கி வராமல் ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியிருந்தால், விடை கிட்டத்தட்ட அங்கேயே கிடைத்துவிட்டது.

கலிப்பர் வெளியே இருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. பிஸ்டன் துள்ளி விழும், எண்ணெய் நிலமெல்லாம் ஓடும். பெடலில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள்.

3. பின்கள்

இந்த வகைக் கலிப்பர் மிதக்கும் கலிப்பர். ஒரு பக்கம்தான் பிஸ்டன். அது ஒரு லைனிங்கை டிஸ்க்கில் அழுத்த, கலிப்பர் முழுவதும் பின்களில் நகர்ந்து மற்ற லைனிங்கை இழுத்து வரும். பின் இறுகினால் அந்த நகர்வு போய்விடும். ஒரு லைனிங் டிஸ்க்கை விடாமல் தடவிக்கொண்டே இருக்கும். எங்களுடையதில் உள்பக்க லைனிங் வெளிப்பக்கத்தைவிடக் கண்ணுக்குத் தெரியுமளவு மெலிந்திருந்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பின்களைக் கரைப்பான் நனைத்த துணியால் துடைத்து, கறளை மெல்லிய தேய்ப்புப் பஞ்சால் எடுங்கள். அவை நுழையும் துளைகளையும் அப்படியே. பிறகு கலிப்பரைத் துளையில் வைத்து ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள்: தடங்கலில்லாமல் போய் வரவேண்டும். மாறாக லொடலொடவென்று ஆடினால் துளையின் புஷ் (உள்ளே இருக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அந்த ஆட்டமும் கீச்சிடும்.

கிறீஸ் பூசாதீர்கள். ஓடுபாதைத் தூசி அதில் ஒட்டி அரைத்த மாவாகிவிடும். காய்ந்து படியும் உலர் மசகு ஸ்பிரே போதும், அதையும் லைனிங்கில் படாமல்.

4. லைனிங்

மிக மெலிந்த இடத்தில் அளவுங்கள். கிளீவ்லாண்டில் பொதுவாக 2.5 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்ற வேண்டும். உங்கள் பிறேக்கின் கைநூலையும் பாருங்கள். ரிவெட் ஆடுகிறதா, ஓரம் வெடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். எண்ணெய் ஊறியதை மாற்றுங்கள், அதோடு எண்ணெய் எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம்.

எண்ணெய் குறைந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் கார் பிறேக் எண்ணெய் வாங்கி ஊற்றலாமென்று தோன்றும். வேண்டாம். இந்தப் பிறேக்குகளில் பெரும்பாலும் இருப்பது 5606 எனும் சிவப்புக் கனிம எண்ணெய். கார் எண்ணெய் அதற்கான ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும்.

5. பூட்டிப் பதப்படுத்துங்கள்

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே எண்ணெய்த் தொட்டி நிரம்பி வழியலாம், கவனம். போல்ட்டுகளைக் கைநூல் சொல்லும் முறுக்குக்கு இறுக்கி, புதுப் பாதுகாப்புக் கம்பி கட்டுங்கள்.

லைனிங் பளபளத்தால் தேய்த்தெடு என்பார்கள் கார் கராஜ் பாஸ்மார். கிளீவ்லாண்டின் ஓர்கானிக் லைனிங்கில் கதை வேறு: அந்த மெல்லிய பளபளப்புப் படலம் இருந்தால்தான் சரியாகப் பிடிக்கும். எப்போதும் மெல்ல மெல்லவே பிறேக் பிடித்தால் அது தேய்ந்து போகும். திரும்ப வரவழைக்க, கோபுரத்திடம் அனுமதி கேட்டு, எஞ்சினை நிமிடத்துக்கு 1700 சுற்றில் வைத்து, பிறேக்கால் வேகத்தை மணிக்கு 8 முதல் 16 கி.மீ.க்குள் அடக்கியபடி 450 மீற்றர் ஓட்டுங்கள். பிறகு 10 முதல் 15 நிமிடம் ஆறவிடுங்கள். சூட்டோடு பார்க்கிங் பிறேக் போடாதீர்கள். இரும்பு கலந்த லைனிங்குக்கு முறை வேறு, அதன் கைநூலைப் பாருங்கள்.

ஆறியதும் நின்ற இடத்தில் பிறேக்கை முழுக்க மிதித்து எஞ்சினை உயர்த்துங்கள். விமானம் நகர்ந்தால் அன்று பறப்பு கிடையாது. நகராவிட்டால், உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவரை அழைத்து வேலையைக் காட்டுங்கள். எங்களுக்கு வந்தவர் சில்லைப் பார்க்கவில்லை. நேரே குனிந்து, அந்தப் பின்னை விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு, பேனாவைக் கேட்டார்.