அப்புறம் மாத்திக்கலாம்: சமூக ஊடகத்தில் முந்திக்கொண்டு இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு நிறுவனத்துக்காக இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்துகொண்டிருந்தாள். மின்னஞ்சல் முகவரி கேட்ட கட்டத்தில் தன் சொந்த ஜிமெயிலைத் தட்டினாள்.

"ஏம்மா, உன் மெயிலையா போடுற?"

"அவங்க ஆபீஸ் மெயில் இன்னும் வரலை மேடம். அப்புறம் மாத்திக்கலாம்."

2009-ல் நான் சொன்னதும் இதே வார்த்தைதான். அன்று என்னைத் தடுக்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுத்துப்பிழை, நிறுவனக் கணக்கில் தவறிப்போய்ச் சொந்தப் படத்தைப் போடுவது மாதிரியான சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். ஒருமுறை அவமானப்பட்டால் அவை தானாகவே சரியாகிவிடும்.

வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது

நெருக்கடி வந்த நாளில் கணக்கு திறந்து மன்னிப்புக் கேட்கும் நிறுவனத்தை யாரும் நம்புவதில்லை. அறிமுகமே இல்லாதவர் திடீரென்று வந்து கையைப் பிடித்துக்கொள்வது போலத்தான் அது இருக்கும். நிறுவனத்தின் பெயரை ஒட்டிய கணக்குப் பெயர்களையும் முன்கூட்டியே யோசித்து எடுத்து வைக்க வேண்டும். 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கசிவு நடந்தபோது பிபி எண்ணெய் நிறுவனத்துக்கு ட்விட்டரில் கணக்கு இருந்தது. ஆனாலும் 'பிபி குளோபல் பிஆர்' என்ற பெயரில் யாரோ ஒரு கேலிக் கணக்கைத் தொடங்கினார்கள். நிறுவனத்தின் மக்கள் தொடர்புத் துறையே பேசுவது போன்ற பாவனை. சீக்கிரமே அசல் கணக்கைவிட நகலைப் பின்தொடர்ந்தவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

சாவி யார் கையில்?

இதுதான் இன்றைக்கும் என் தூக்கத்தைக் கெடுப்பது.

2009-ல் ஒரு சிறு உற்பத்தி நிறுவனத்துக்கு ட்விட்டர் கணக்கு திறந்து கொடுத்தேன். அந்தத் துறையில் அன்று வேறு யாரும் அங்கே இல்லை. அந்தப் பெருமையில் மிதந்துகொண்டிருந்தேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் மின்னஞ்சலைக் கொடுத்தேன். கடவுச்சொல் என் மனதில் மட்டும் இருந்தது. ஒன்றரை ஆண்டு பதில் போட்டேன், வாழ்த்துச் சொன்னேன், நாலு பேர் பாராட்டினார்கள். பிறகு வேலையை விட்டேன். எனக்குப் பின் அந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்ள யாரையும் நியமிக்கவில்லை.

மூன்று ஆண்டு கழித்து ஓர் இரவு அந்த நிறுவனத்திலிருந்து போன். அவர்களுடைய பொருள் ஒன்றில் பழுது. வாங்கியவர்கள் கொதித்துப்போய் அந்தப் பழைய கணக்கைப் பெயர் சொல்லி அழைத்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கின் கடைசிப் பதிவு ஒரு புத்தாண்டு வாழ்த்து. அதன் கீழே பதில் கிடைக்காத புகார்கள் வரிசையாக நின்றன. எனக்கோ கடவுச்சொல் மறந்துவிட்டது. மீட்டெடுக்க முயன்றால் மின்னஞ்சல் என் பழைய அலுவலக முகவரிக்குப் போகிறது. அந்த அலுவலகமே மூடிப்போய், அதன் டொமைனும் (மின்னஞ்சலில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர்) காலாவதியாகியிருந்தது. அந்த டொமைனை வேறு யாராவது வாங்கியிருந்தால் கணக்கே அவர்கள் கைக்குப் போயிருக்கும் என்பது பிறகுதான் உறைத்தது.

வேறு வழியில்லாமல் அவசர அவசரமாகப் புதுக் கணக்கு திறந்து விளக்கம் கொடுத்தோம். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? புதுக் கணக்கைப் போலி என்றார்கள்! 2009-லிருந்து இருக்கும் கணக்கை நம்புவதா, நேற்று முளைத்ததை நம்புவதா? அவர்கள் கேட்டது நியாயம்தான். முந்திக்கொண்டு இறங்கியதால் அந்தக் கணக்குக்குக் கிடைத்த வயதும் மதிப்பும் எங்களுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. விளக்கம் போய்ச் சேர்வதற்குள், பழுதைவிட எங்கள் மௌனம் பெரிய செய்தியாகியிருந்தது.

இது என் ஒருத்தியின் கதையல்ல. 2013 ஜனவரியில் பிரிட்டனின் எச்எம்வி என்ற இசைத்தட்டுக் கடை நிறுவனம் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்த ஆள்குறைப்பு நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கிலேயே நேரலையாக வெளிவந்தது. ட்விட்டரை எப்படி மூடுவது என்று மார்க்கெட்டிங் இயக்குநர் கேட்டதாகவும் அதிலேயே ஒரு பதிவு வந்தது. சிரித்துவிட்டு உங்கள் அலுவலகத்தில் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

சொத்து யாருடையது என்பது இன்னொரு தலைவலி. அமெரிக்காவில் ஃபோன்டாக் என்ற நிறுவனத்திலிருந்து 2010-ல் விலகிய ஒருவர், சுமார் 17,000 பேர் பின்தொடர்ந்த ட்விட்டர் கணக்கைப் பெயர் மாற்றித் தன்னுடனேயே வைத்துக்கொண்டார். ஒரு பின்தொடர்பவருக்கு மாதம் இரண்டரை டாலர் என்று கணக்குப் போட்டு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2012 இறுதியில் சமரசம் ஆனது. கணக்கு அவரிடமே தங்கிவிட்டது.

ஆகவே கணக்கு திறக்கும் முன்பே இவற்றை முடித்துவிடுங்கள். மின்னஞ்சல் ஆள் பெயரில் இல்லாமல் பொறுப்பின் பெயரில், நிறுவனத்தின் சொந்த டொமைனில் இருக்கட்டும்; அந்த டொமைனைப் புதுப்பிக்க வேண்டிய தேதி இரண்டு பேருக்காவது தெரியட்டும். இருபடிச் சரிபார்ப்புக்கான ஓடிபி பயிற்சிக்கு வந்தவரின் சொந்த போனுக்குப் போகக் கூடாது. போன் தொலைந்தாலும் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டு அலுவலக அலமாரியில் பூட்டுங்கள். ஃபேஸ்புக் பக்கங்களைத் தனிநபர் கணக்கு வழியாகத்தான் நிர்வகிக்க முடியும் என்பதால் அங்கே ஒரே ஒருவரை மட்டும் நிர்வாகியாக விடாதீர்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் அடையாள அட்டையையும் மடிக்கணினியையும் கேட்டு வாங்குகிற அதே படிவத்தில் சமூக ஊடகக் கணக்குகளுக்கும் ஒரு வரி வேண்டும். கணக்கு நிறுவனத்துக்குச் சொந்தம் என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு மதியம்தான் ஆகும். அந்த ஒரு மதியத்தை ஒதுக்கச் சொன்னால்தான், "அப்புறம்" என்கிறார்கள்.

பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவது

வேண்டாம்.

கேட்டவரின் வாயை அடைப்பது

நெஸ்லேயின் கிட்கேட் சாக்லேட்டில் சேரும் பாமாயிலுக்காகக் காடுகள் அழிகின்றன என்று 2010 மார்ச்சில் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு ஒரு வீடியோ வெளியிட்டது. நெஸ்லே பதிப்புரிமையைக் காட்டி அதை யூடியூபிலிருந்து எடுக்க வைத்தது. வீடியோ வேறு இடத்தில் ஏறி இன்னும் வேகமாகப் பரவியது. நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் இருந்தவரோ, சின்னத்தை மாற்றி வரைந்து முகப்புப் படமாக வைத்தவர்களின் கருத்துகளை அழிப்போம் என்று அறிவித்து, கேள்வி கேட்டவர்களுக்கு எகத்தாளமாகப் பதிலும் சொன்னார். பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்த நிர்வாகியின் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்தான். சுற்றி நின்று ஆயிரம் பேர் திட்டும்போது எதிரே இருப்பது நிறுவனம் அல்ல, தூக்கமில்லாத ஒரு மனிதர். ஆனால் படிப்பவருக்கு அது தெரியாது. பதில் போடும் முன் இன்னொருவர் படிக்க வேண்டும் என்ற விதி அந்த மாதிரி இரவுகளுக்காகத்தான்.

எல்லாத் தளத்திலும் கடை விரிப்பது

பதில் சொல்ல ஆள் இருக்கிற தளம் மட்டும் போதும்.

ஒரே பிரதியைத் தளத்திடம் ஒப்படைப்பது

ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த ஆர்குட் சமூக வலைத்தளம் 2014 செப்டம்பரில் மூடப்பட்டது. 2015 வரை ஏற்றப்பட்ட பாடல்கள் தொலைந்துபோனதை மைஸ்பேஸ் என்ற இன்னொரு தளம் 2019-ல் ஒப்புக்கொண்டது. உங்கள் படங்களுக்கும் பதில்களுக்கும் சொந்தப் பிரதி இருக்கட்டும்.

பழைய பேச்சை யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைப்பது

ஹாலிவுட் இயக்குநர் ஜேம்ஸ் கன் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட முகம் சுளிக்க வைக்கும் ட்வீட்டுகளைத் தோண்டியெடுத்து வெளியிட்டார்கள். 2018-ல் டிஸ்னி அவரை நீக்கியது, அடுத்த ஆண்டு திரும்ப அழைத்துக்கொண்டது. எல்லோரையும் அப்படி அழைக்கமாட்டார்கள். நெருக்கடி இல்லாத ஒரு நாளில் உங்கள் பழைய பதிவுகளை நீங்களே தேடிப் படியுங்கள், எதிராளியின் கண்ணோடு.

அந்தப் பெண்ணிடம் இதையெல்லாம் சொல்லி, அந்த நிறுவனத்தின் பெயரில் ஏற்கெனவே என்னென்ன கணக்குகள் இருக்கின்றன என்று பட்டியல் எடுக்கச் சொன்னேன். நிறுவனத்தார் மூன்று என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஐந்தைக் கண்டுபிடித்தாள். நான்காவதைத் திறந்தவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், பேசியாயிற்று. ஐந்தாவதை யார் திறந்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.