ராட்-ஹார்ட் ரெகுலேட்டர்: பார்ட் சரி, சர்க்யூட்டில் செய்யும் தவறுகள்

செயற்கைக்கோள் போர்டுக்கு, கதிர்வீச்சைத் தாங்கும் (ராட்-ஹார்ட்) லீனியர் ரெகுலேட்டர், அதாவது வோல்ட்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் சிப், தேடுபவர்கள், டேட்டாஷீட்டில் "100 கிலோராட்" (ராட் என்பது உறிஞ்சிய கதிர்வீச்சின் அளவு) என்று பார்த்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். அந்த 100 கிலோராடை எந்த வேகத்தில் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. விநாடிக்கு 50 ராட் வீதம் கொடுத்தால் அரை மணி நேரத்தைச் சற்றுத் தாண்டி சோதனை முடிந்துவிடும். சுற்றுப்பாதையில் அதே அளவு சேர ஆண்டுக்கணக்காகும். பைபோலார் சிப்கள் பலவற்றை, மெதுவாகச் சேரும் கதிர்வீச்சுதான் அதிகம் கெடுக்கிறது. இதற்கு எல்டர்ஸ் என்று பெயர். இதைப் பிடிக்க விநாடிக்கு 10 மில்லிராடில் சோதிக்க வேண்டும். 100 கிலோராட் எட்ட சுமார் 116 நாள். செலவுதான், ஆனால் இந்தச் சோதனை நடந்ததற்கான ரிப்போர்ட் இல்லாத பைபோலார் பார்ட்டை நம்புவது சூதாட்டம்.

கதிர்வீச்சு ஏற ஏற டிரான்சிஸ்டரின் கெயின் (கரண்டைப் பெருக்கும் திறன்) குறையும். பிஎன்பி வகை பாஸ் டிரான்சிஸ்டர் (லோடுக்கான கரண்ட் கடந்து போகும் டிரான்சிஸ்டர்) உள்ள ரெகுலேட்டரில் டிராப்-அவுட் (வெளியீட்டைவிட உள்ளீடு குறைந்தபட்சம் கூடுதலாக இருக்க வேண்டிய வோல்ட்டேஜ்) கூடும், தரக்கூடிய அதிகபட்ச கரண்ட் குறையும். ஆகவே 3.6 வோல்ட்டிலிருந்து 3.3 எடுக்கும் டிசைன், மேசையில் ஓடிவிட்டு கடைசி ஆண்டில் படுத்துவிடலாம். கணக்குப் போடும்போது, கதிர்வீச்சுக்குப் பிந்தைய மதிப்புகள் உள்ள அட்டவணையை எடுங்கள்.

அதிகம் கவனிக்கப்படாதது, ஒற்றைக் கனஅயனி மோதி வெளியீட்டில் கிளப்பும் துடிப்பு. பாஸ் டிரான்சிஸ்டர் ஒரு கணம் முழுக்கத் திறந்துகொண்டால் வெளியீடு உள்ளீட்டை நோக்கி ஓடும். 1.2 வோல்ட்டில் ஓடும் எஃப்பிஜிஏ (புரோகிராம் செய்யக்கூடிய லாஜிக் சிப்) கோருக்கு 1 ஆம்பியர் போகிறது, துடிப்பின்போது 3 ஆம்பியர் 5 மைக்ரோ விநாடிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 2 ஆம்பியர் கெபாசிட்டருக்குள் போகும்: 10 மைக்ரோகூலும். 100 மைக்ரோஃபாரட் இருந்தால் 0.1 வோல்ட் ஏற்றம். 5 சதவீத வரம்பு என்பது 60 மில்லிவோல்ட்தான்! கெபாசிட்டரின் ஈஎஸ்ஆர் (அதன் உள் மின்தடை) 30 மில்லிஓம் என்றால் அது மட்டுமே அந்த 60ஐத் தின்றுவிடும். கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் துடிப்பின் உயரம் குறையும், ஆனால் தணிய நேரமெடுக்கும். ஈஎஸ்ஆரைக் கண்டபடி குறைத்தாலும் ஆபத்து: பழைய எல்டிஓ (டிராப்-அவுட் குறைந்த ரெகுலேட்டர்) சில அதை நம்பித்தான் நிலையாக நிற்கின்றன, இல்லாவிட்டால் ஆட ஆரம்பிக்கும். உள்ளீட்டையே 5 வோல்ட்டிலிருந்து 2.5க்கு இறக்குவதுதான் நல்ல தீர்வு. வெளியீடு எவ்வளவு தூரம் ஓடினாலும் அதைத் தாண்டாது.

இரண்டு ரெசிஸ்டர்களின் விகிதத்தால் வெளியீட்டை அமைக்கும் எல்எம்117 வகை ரெகுலேட்டரில் இன்னொரு பழைய தவறு. மின்சாரம் மிச்சம் பிடிக்க 240 ஓம், 720 ஓமுக்குப் பதிலாக 2.4 கிலோஓம், 7.2 கிலோஓம் போடுகிறார்கள். விகிதம் அதேதான். ஆனால் ரெசிஸ்டர்கள் சேரும் அட்ஜஸ்ட் பின்னிலிருந்து வரும் 50 மைக்ரோஆம்பியர் 7.2 கிலோஓமில் 0.36 வோல்ட் கூட்டிவிடும். 5 வோல்ட் வேண்டிய இடத்தில் 5.36 வரும். தேவையான 5 மில்லிஆம்பியர் குறைந்தபட்ச லோடும் கிடைக்காமல், லோடு விலகியதும் வெளியீடு இன்னும் ஏறும்.

வெப்பம்: வெற்றிடத்தில் காற்று உதவாது. 28 வோல்ட் பஸ்ஸிலிருந்து 5 வோல்ட், 200 மில்லிஆம்பியர் எடுத்தால் 4.6 வாட். ஜங்ஷனிலிருந்து (சிப்பின் உள்ளே சூடேறும் இடம்) சேஸிஸ் வரை வாட்டுக்கு 15 டிகிரி என்றால் 69 டிகிரி ஏறும். சேஸிஸ் 60 டிகிரியில் இருந்தால் ஜங்ஷன் 129. ஐரோப்பிய விண்வெளித் தரநிலையான ஈசிஎஸ்எஸ்ஸின் டீரேட்டிங் (பார்ட்டை அதன் உச்ச வரம்புக்குக் கீழே இயக்கும்) விதி அனுமதிக்கும் உச்சம் 110. இந்த இடத்தில் லீனியர் ரெகுலேட்டரே வேண்டாம். முன்னால் ஒரு ஸ்விட்சிங் கன்வர்ட்டரைப் போட்டு 6.5 வோல்ட்டுக்கு இறக்கினால், ரெகுலேட்டரில் 0.3 வாட்தான் எரியும்.