மலை வீட்டுச் சின்ன அறையில் ஆம்பும் ஸ்பீக்கரும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் 10-க்கு 10 அறையில் நல்ல ஸ்டீரியோ வைக்க நினைப்பவர்கள் எடுத்ததுமே கேட்பது, “எத்தனை வாட் போடலாம்?” பாதித் தவறுகளுக்கு வேர் இந்தக் கேள்விதான். முதலில் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியையும் (கொடுக்கும் வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) ஓமையும் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) பாருங்கள். ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அதற்குப் பிறகு.

8 ஓம் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபல் என்றால், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்த சத்தம் அது. ஜோடிக்குத் தலா 1 வாட் கொடுத்து 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், சுவர்களின் எதிரொலியும் சேர்ந்து 85 டெசிபலை ஒட்டி வரும். வீட்டில் கேட்க அதுவே உரத்த சத்தம். தவிலின் அடி போன்ற இடங்களில் சத்தம் சட்டென்று 15 டெசிபல் எகிறலாம். 3 டெசிபலுக்கு ஒருமுறை வாட் இரட்டிக்கும் என்பதால் அந்த நொடிக்கு 32 வாட் வேண்டும். ஊட்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஸ்பீக்கரின் கோன் (அசையும் கூம்பு) அதே அளவு அசைந்தாலும் சத்தம் சுமார் 2 டெசிபல் குறையும். அதையும் சேர்த்தாலும் ஸ்பீக்கருக்குத் தலா உண்மையான 50 வாட் போதும். அதற்கு மேல் ஆம்புக்குக் கொடுக்கும் பணத்தை ஸ்பீக்கரில் போடுவதே மேல்.

பெட்டிமேல் அச்சிட்ட பி.எம்.பி.ஓ. (நொடிப்பொழுது உச்ச வாட்) எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 8 ஓமில், இரண்டு சேனலும் (இடது, வலது) ஓடும்போது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) அந்த வாட் என்று தேடிப் படியுங்கள். டிபிஏ 3116 என்ற ஆம்ப் ஐசி வைத்த விலை குறைந்த போர்டு வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். அந்த ஐசிக்குச் சொல்லும் 50 வாட், 21 வோல்ட் சப்ளையில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு, 10 சதவீத டிஸ்டார்ஷனில் வருவது. கையில் கிடந்த 12 வோல்ட் அடாப்டரை மாட்டி 8 ஓம் ஸ்பீக்கர் கொடுத்தால், சேனலுக்கு 9 வாட் வரைதான் சுத்தமாக வரும். 8 ஓமுக்கு 24 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். இந்த போர்டுகள் பிரிட்ஜ் முறையில் ஓடுபவை, அதாவது ஸ்பீக்கரின் இரண்டு ஒயரிலும் சிக்னல் இருக்கும். இரு ஸ்பீக்கரின் மைனஸ் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கினாலோ எர்த்தில் சேர்த்தாலோ ஐசி போய்விடக்கூடும்.

சின்ன ஆம்ப் ஸ்பீக்கரைக் கெடுக்காது என்ற நம்பிக்கையும் தவறு. 9 வாட் ஆம்பை முழு வால்யூமில் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்படும். அதில் பிறக்கும் கூடுதல் உயர் அதிர்வெண்கள் நேராக, உயர் ஒலிக்கான சிறு ஸ்பீக்கரான ட்வீட்டருக்குப் போய் அதன் காயிலைச் சுட்டுவிடக்கூடும். குரல் கரகரத்ததும் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்து ஓம். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலாகக் கொடுத்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் என்றால் 2 ஓம். ஆம்பின் பின்பக்கம் “6 முதல் 16 ஓம்” என்று இருந்தால் இரண்டையுமே அது தாங்காது. சூடேறி நின்றுவிடும், பாதுகாப்பு இல்லாத ஆம்பில் அவுட்புட் டிரான்சிஸ்டர் போகும். மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டுவது இயல்பு, பழுது இல்லை.

குளிர் ஊர்தானே என்று ஆம்பை மூடிய அலமாரிக்குள் வைப்பவர்கள் உண்டு. மெலிந்த காற்று வெப்பத்தையும் குறைவாகத்தான் எடுத்துப்போகும். மேலே 10 சென்டிமீட்டராவது விடுங்கள். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால், பழைய வகை டிரான்ஸ்ஃபார்மர் ஆம்பின் 50 வாட் 30 வாட்டாகிவிடும். 1 கேவிஏ ஸ்டெபிலைசர் போதும்.

ஆனால் மலை வீடுகளில் பாட்டைக் கெடுப்பது பெரும்பாலும் பேஸ்தான். கனமான கல் சுவர், குளிருக்கு எப்போதும் சாத்திய ஜன்னல்: தாழ்ந்த ஒலி வெளியே போக வழியில்லை. 10 அடி நீளத்தில் 56 ஹெர்ட்ஸை ஒட்டி அறையே அதிரும். அகலமும் 10 அடியானால் இரண்டு திசையிலும் அதே அதிர்வெண் சேர்ந்து, எந்தப் பாட்டிலும் ஒரே சுரம் உறுமும். இந்த அறைக்கு 8 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்) வேண்டாம், 5 அங்குலம் நிறைவாக இருக்கும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து வெளியே எடுத்து, பின்சுவரிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளுங்கள். பின்னால் துளை இருந்தால் அதில் ஸ்பாஞ்சை அடைத்துக் கேட்டுப் பாருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டினால் பேஸ் வீங்கும், நடு அறையில் போட்டால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்னே போடுங்கள். கம்பளமும் கனத்த திரையும் மேல் ஒலியைத்தான் உறிஞ்சும், பேஸை ஒன்றும் செய்யாது. மரத்தரை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டியான ரப்பர் வையுங்கள்.

ஒயர் 5 மீட்டருக்குள் இருந்தால் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும். செம்பு பூசிய அலுமினியம் வேண்டாம். மழைக்காலம் முடிந்ததும் கறுத்த நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டுங்கள். ஈரம் ஊறும் வெளிச்சுவரில் ஸ்பீக்கர் சாயக் கூடாது. இடி வரும்போலிருந்தால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்கையும், ஆம்புக்கு வரும் கேபிள் டிவி ஒயரையும் இடி தொடங்கும் முன்பே கழற்றிவிடுங்கள்.