ஏர் இன்டேக் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டிய எண்

பளபளக்கும் அலுமினியக் குழாய், கூம்பு வடிவ ஃபில்டர், ஒரு மணி நேர வேலை. காரில் கைவைத்துப் பழகுகிறவர்கள் பலர் முதலில் மாற்றுவது, எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஏர் இன்டேக்கைத்தான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாளே செக் எஞ்சின் விளக்கு எரிந்தது. கலிஃபோர்னியாவில் கார் வைத்திருப்பவர்கள் எந்த வரிசையில் போனால் இந்தத் தொல்லை வராது என்பதைச் சொல்கிறேன்.

முதல் படி: எதை மாற்றுகிறீர்கள்?

காரோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஃபில்டரை மட்டும் அதே அளவில் மாற்றினால் அது சாதாரணப் பராமரிப்பு. தனி அனுமதி தேவையில்லை. பெட்டியையும் குழாயையும் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் கதை வேறு. புகைக் கட்டுப்பாட்டு அமைப்பின் செயல்பாட்டை மாற்றும் பாகங்களை விற்பதையும் பொருத்துவதையும் மாநில வாகனச் சட்டத்தின் 27156ஆம் பிரிவு தடுக்கிறது. விலக்கு பெற்ற பாகங்களுக்கு மட்டும் தடையில்லை.

இரண்டாம் படி: இ.ஓ. எண்

அந்த விலக்கை வழங்குவது கலிஃபோர்னியா காற்றுவள வாரியம், சுருக்கமாக கார்ப். பாகத்தால் புகை கூடவில்லை என்று தயாரிப்பாளர் காட்டிய பிறகு, ‘டி’ என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் உத்தரவு எண் கிடைக்கும். அதைத்தான் இ.ஓ. (எக்ஸிக்யூட்டிவ் ஆர்டர்) எண் என்கிறார்கள். பாகம் வந்த அட்டைப்பெட்டியின் மேல் எண்ணைப் பார்த்ததும் திருப்தியடைந்துவிடாதீர்கள். கார்ப் இணையதளத்தில் அந்த உத்தரவைத் திறந்து, உங்கள் காரின் ஆண்டு, மாடல், எஞ்சின் அளவு மூன்றும் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே மாடலில் ஓர் எஞ்சினுக்கு விலக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது. ‘பந்தயப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் சாலையில் ஓடும் காருக்கு அது ஆகாது. விற்பவர் என்ன சமாதானம் சொன்னாலும் சரி.

மூன்றாம் படி: குழாயின் குறுக்களவு

வெறும் காற்றுக் குழாய்க்கு இத்தனை கெடுபிடியா என்று எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது, ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும்வரை. பல கார்களில் காற்றை அளக்கும் எம்.ஏ.எஃப். சென்சார் இந்தக் குழாய்க்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. தன்னைக் கடந்து செல்லும் காற்று தன் சூடான கம்பியை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்து, உள்ளே போகும் மொத்தக் காற்றைக் கணினிக்குச் சொல்கிறது. சென்சார் இருக்கும் இடத்தில் 70 மி.மீ. குழாய்க்குப் பதிலாக 77 மி.மீ. குழாயைப் பொருத்தினால், விட்டம் 10 சதவீதம்தான் கூடுகிறது. பரப்போ 21 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று இப்போது மெதுவாக நகரும். காற்று ஏறக்குறைய 17 சதவீதம் குறைந்துவிட்டதாக நினைத்து, கணினி பெட்ரோலையும் குறைக்கும்.

பெட்ரோல் காருக்கு உகந்த விகிதம், எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் இதையொட்டிய குறுகிய எல்லைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். காற்று மிஞ்சினால் நைட்ரஜன் ஆக்சைடுகள் சிதையாமல் வெளியே போகும். புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் தகவலை வைத்துக் கணினி ஓரளவு சரிக்கட்டும். அதற்கும் மேலே போனால் விளக்கு எரியும். எனக்கு வந்த குறியீடு பி0171, அதாவது பெட்ரோல் போதவில்லை.

நான்காம் படி: பொருத்துவது

கழற்றுவதற்கு முன் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சினிலிருந்து வரும் காற்றோட்டக் குழாயைத் திறந்துவிடாமல் புதிய குழாயோடு இணையுங்கள். சில கார்களின் பழைய பெட்டிக்குள் கரித்துகள் அடுக்கு ஒன்று இருக்கும்; எஞ்சின் நின்றபின் கசியும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைப்பது அதன் வேலை. அதை வேண்டாத பொருள் என்று வீசிவிடாதீர்கள். எண்ணெய் தடவும் வகை ஃபில்டர் என்றால் கை தாராளம் வேண்டாம். மிஞ்சிய எண்ணெய் எம்.ஏ.எஃப். கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

ஐந்தாம் படி: ஸ்டிக்கர்

ஸ்மாக் செக் என்ற மாநிலப் புகைச் சோதனையில் புகையையோ காரின் கணினியையோ சோதிப்பதோடு நிறுத்த மாட்டார்கள், பானட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். மாற்றிய இன்டேக்குக்கு இ.ஓ. எண்ணைக் காட்ட முடியாவிட்டால், புகை சுத்தமாக இருந்தாலும் தேறாது. இ.ஓ. எண் அச்சிட்ட ஸ்டிக்கரைக் குழாயில் ஒட்டாமல், பானட்டைத் திறந்ததும் தெரிகிற, கழற்றாத ஓரிடத்தில் ஒட்டுங்கள். தொலைந்துவிட்டால் தயாரிப்பாளரிடம் மாற்று கேட்கலாம். பழைய பெட்டியையும் திருகுகளோடு ஒரு பையில் கட்டி வையுங்கள். என் காரில் இப்போது இருப்பது அந்தப் பழைய பெட்டிதான்.