பிரிட்டன் விசா செய்தியைப் பதறாமல் படிப்பது எப்படி?

மேடையில் அமைச்சர் சொன்னது சட்டமல்ல, முதலில் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2025 மே மாதம் பிரிட்டன் அரசு வெளியிட்ட குடியேற்ற வெள்ளை அறிக்கைகூட, வந்தபோது ஒரு திட்டம்தான். நிரந்தர வசிப்புரிமைக்கான 5 ஆண்டுக் காத்திருப்பை 10 ஆக்கும் யோசனை அதில்தான் வந்தது, அன்றைக்கே எத்தனை குடும்பங்கள் தூக்கம் தொலைத்தன! குடியேற்ற விதிகளில் திருத்தம் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டதா, எந்தத் தேதியிலிருந்து அமல் என்று அரசு இணையதளத்திலேயே பாருங்கள். 2025 ஜூலை 22 முதல் முதியோர், நோயாளிகளைக் கவனிக்கும் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பது நின்றதும், திறன் பணியாளர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 38,700 பவுண்டிலிருந்து 41,700 ஆனதும் அப்படி விதியாக வந்தவை.

அப்புறம், ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு விலக்கு உண்டா என்ற பத்தியைத் தேடுங்கள். "சட்டம் மாறப்போகுது, இன்னைக்கே பணம் கட்டு" என்று அவசரப்படுத்தும் ஏஜெண்டிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிரிட்டனில் ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞரா, இல்லை முறையாகப் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள்.