உப்புப் பாக்கெட்டை வைத்தே உப்பைக் குறைக்கும் வழி

உப்பைக் குறைக்கச் சொன்னால் பலரும் நாக்கை நம்புகிறார்கள். நாக்கு பழகிய அளவைத்தான் சரி என்னும். பாக்கெட்டை நம்புங்கள்.

புதுப் பாக்கெட் பிரிக்கும் நாளையும் அது தீரும் நாளையும் காலண்டரில் குறியுங்கள். மீன் கழுவவும் ஊறுகாய் போடவும் எடுத்ததைக் கழித்துவிட்டு, மீதி கிராமை நாட்களாலும் சாப்பிடும் ஆட்களாலும் வகுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்தால், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஏறக்குறைய தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, கடை மிக்சர் எல்லாம் அதற்குள்ளேதான் அடங்க வேண்டும்.

சோடியம் மிகுந்தால் உடல் நீரைப் பிடித்துவைக்கும்; ரத்தத்தின் அளவு கூடி அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகளைத் தாக்கும். நாளடைவில் அவை தழும்பேறி, அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். பழுதான சிறுநீரகத்தால் சோடியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. பிரஷர் இன்னும் ஏறும். இத்தனையும் வலியே இல்லாமல் நடக்கும், அதுதான் கொடுமை. சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியாட்டினினை ரத்தத்தில் பார்த்தாலும் தொடக்கத்தில் இயல்பாகவே காட்டலாம். எனவே பிரஷரோ சர்க்கரையோ உள்ளவர்கள் ஆண்டுதோறும் சிறுநீர் அல்புமின்-கிரியாட்டினின் விகிதமும் பாருங்கள். கிராமுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டி, மறுபடி பரிசோதித்து உறுதிசெய்ய வேண்டும்.

முதலில் சாதத்துக்குப் போடும் உப்பை நிறுத்துங்கள். குழம்பில் இருப்பதே போதும். தினசரி ஊறுகாயும் அப்பளமும் வாரம் ஒருநாள் ஆகட்டும். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரம் என்ற சோடா வகையும் சேர்வதால் சோடியம் இரண்டு வழியில் வருகிறது. பிறகு குழம்பு, பொரியலில் வாரத்துக்குக் கால் டீஸ்பூன் வீதம் உப்பைக் குறைத்து வாருங்கள். ஒரேயடியாகப் பாதியாக்கினால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள், உப்பு ஜாடி மேசைக்கு வந்துவிடும். எலுமிச்சை, மிளகு, சீரகம் கைகொடுக்கும். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

பாக்கெட் உணவில் சோடியம் மில்லிகிராமை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு: 800 என்றிருந்தால் 2 கிராம்.

இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

உப்பு குறைந்து பிரஷர் இறங்கினாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்தபின் காலையும் மாலையும் அளந்து, ஒரு வாரக் கணக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை அளவை அவர் மாற்றுவார்.