சோலாருக்கு முன் பார்க்க வேண்டியவை: தருமபுரி, கிருஷ்ணகிரி அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலகத்தைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக மாற்றலாம் என்ற பேச்சு வந்ததுமே பலரும் கேட்பது சோலார் கொட்டேஷன். வரிசை அங்கேயே தலைகீழாகிவிடுகிறது. கரண்டும் தண்ணீரும் வீணாவதை நிறுத்தாமல் பேனல் வாங்கினால், வீணாவதற்கும் சேர்த்துத்தான் பேனல் வாங்குகிறோம். கடைசி ஆறு ஈ.பி. பில்களை முதலில் எடுத்து வையுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம், இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது. நிலத்தடி நீரில் இங்கே பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். அந்தத் தண்ணீர் 2013 முதல் வருகிறது. ஆனாலும் குழாயில் வருவது ஒகேனக்கல் ஆற்று நீரா, போர்வெல் (ஆழ்துளைக் கிணற்று) நீரா என்று பார்க்காமலே ஆர்.ஓ. மாட்டிவிடுகிறார்கள். ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல நீர் தர, இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளும். ஒகேனக்கல் நீர் மட்டும் வரும் இடத்தில் பெரும்பாலும் சாதாரண ஃபில்டரும், கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கும் போதும். போர் நீரும் கலந்தால் ஆர்.ஓ.வைக் கழற்றவே கூடாது.

எது வருகிறது என்பதை டி.டி.எஸ். பேனாவை வைத்து முடிவு செய்வது அடுத்த தவறு. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும்; ஃபுளோரைடைத் தனியாகக் காட்டாது. 300 என்று காட்டும் நீரிலும் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டியிருக்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை அனுமதி. கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

ஆர்.ஓ. கழிவு நீரைச் செடிக்கு விடுவதும் சரியல்ல. நம் கடின நீரின் உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து நிற்கிறது. நாளடைவில் தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகும். ஒரு டிரம்மில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வையுங்கள். கழிவறையில் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க, ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துக் கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. சின்ன வாஷர்தான், மாற்றாவிட்டால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும்.

விளக்கு விஷயத்தில், பழைய ஃபிட்டிங்கில் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் அப்படியே விட்டுவிட்டு எல்.இ.டி. டியூபைச் செருகுவது வழக்கமான தவறு. இன்று கிடைக்கும் பல டியூப்கள் நேரடி வயரிங்குக்கானவை; சோக் நடுவில் இருந்தால் மினுங்கும், சீக்கிரம் போய்விடும். பேஸும் நியூட்ரலும் ஒரே முனையிலா, இரு முனையிலா என்பது பெட்டியில் உள்ள படத்தில் இருக்கும். எலக்ட்ரீஷியன் அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். பழசைக் கழற்றிவிட்டு 20 வாட் எல்.இ.டி. பேட்டன் (ஃபிட்டிங்கோடு சேர்ந்தே வரும் விளக்கு) மாட்டுவது இன்னும் சுலபம். 36 வாட் டியூப் சோக்கோடு சேர்ந்து 50 வாட்வரை இழுக்கும். ஒரு விளக்குக்கு 30 வாட் மிச்சம் என்றால், 20 விளக்கு, நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 25 நாள் கணக்கில் 135 யூனிட். யூனிட் 10 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,350 ரூபாய்.

இப்படி லோடு குறைந்த பிறகும் ஒப்பந்த மின்பளுவை (இணைப்புக்கு ஈ.பி.யிடம் பதிவு செய்திருக்கும் கிலோவாட் அளவை) அப்படியே விட்டுவிடுகிறார்கள். கமர்ஷியல் இணைப்பில் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில்தான் வரும். குறைக்க விண்ணப்பிக்கலாம். ஏசி எல்லாம் ஓடும் ஏப்ரல், மே மாத லோடை வைத்துக் கணக்குப் போடுங்கள். மின்பளுவைத் தாண்டினால் அபராதம் விழும்.

ஏசியை 18-ல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. சாதாரண ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில்தான் ஓடும். நிற்காமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம். 24-ல் வைத்து ஃபேனையும் ஓட விடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்து டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் என்றால் ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். ஓசூரில் வருடத்தில் பல மாதம் ஜன்னலைத் திறந்தாலே போதும். அங்கே ஜன்னலே திறக்க முடியாதபடி கண்ணாடி போட்டு அடைப்பது பெரிய வருத்தம்.

யு.பி.எஸ். பேட்டரிக்கு ஆர்.ஓ. நீர் ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். அதிலும் உப்பு மிச்சம் இருக்கும், பிளேட் கெடும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும்தான்.

பிளாஸ்டிக்கை ஒழிக்கிறோம் என்று பேப்பர் கப்புக்கு மாறுவதும் தப்புக் கணக்கு. உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைப் பட்டியலில் உள்ளது. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் போதும்.

இதையெல்லாம் செய்து இரண்டு பில் வந்த பிறகு சோலார் பேசலாம். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் சோலார் மானியம் வீடுகளுக்குத்தான்; அதைக் காட்டி அலுவலகத்துக்கு விலை சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கிலோவாட் பேனல் நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். மாடியில் இடம் இருக்கிறதே என்று முழுக்க நிரப்பாமல், பகலில் நீங்கள் செலவழிக்கும் யூனிட்டுக்கு ஏற்ற அளவைப் போடுங்கள். மாட்டிய பிறகு போர் நீரைக் கொண்டு, அதுவும் உச்சி வெயிலில், கழுவக் கூடாது. கண்ணாடியில் உப்புத் திட்டு காய்ந்து படிந்தால் தேய்த்தாலும் போகாது. விடியற்காலையில், சேமித்து வைத்த மழை நீரால், மெல்லிய துணி கட்டிய குச்சியால் துடைத்தால் போதும்.